உத்திரமேரூர்க் குடவோலை முதல் உளவியல் தேர்வு வரை: காவல் பணியாளரின் நடத்தையை முன்கணிக்கும் முயற்சிகள் – ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

பொதுப்பொறுப்பில் அமரவிருக்கும் ஒருவர் அப்பொறுப்பில் எவ்வாறு நடந்துகொள்வார் என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா என்னும் வினா மிகப் பழையது. காவல்துறைத் தேர்வில் ஆளுமைச் சோதனைகளைப் பயன்படுத்துவது பற்றிய இன்றைய விவாதம் அவ்வினாவின் அண்மைக்கால வடிவமாகும். அர்த்தசாத்திரம், திருக்குறள், உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், சென்னை மாகாணக் காவல் சீர்திருத்தங்கள், இருபதாம் நூற்றாண்டு உளவியல் சோதனைகள், தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு ஆகியவற்றை இக்கட்டுரை வரலாற்று வரிசையில் ஒப்பிடுகிறது. தேர்வு எவ்வளவு நுட்பமானதாயினும் நடத்தையை ஓரளவே முன்கணிக்கும் என்பதும், அந்தக் குறையை ஈடுசெய்யும் ஏற்பாடுகளை உத்திரமேரூர்ச் சபை தன் விதிகளுக்குள்ளேயே அமைத்துக்கொண்டது என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: உத்திரமேரூர், குடவோலை, வாரியம், உபதை, ஆளுமைச் சோதனை, காவல்துறைத் தேர்வு, முன்கணிப்பு, ஏற்புடைமை.

முன்னுரை

2020 ஜூன் மாதத்தில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் காவல் நிலையத்திற்கு அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து உயிரிழந்தனர். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. இத்தகைய நிகழ்வுகள் நேரும்போதெல்லாம் இரண்டு வகையான கேள்விகள் எழுகின்றன. இப்படிப்பட்டவர்கள் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்பது ஒன்று. தேர்ந்தெடுக்கப்பட்ட பின் அவர்களைக் கண்காணிக்கும் ஏற்பாடு என்னவாயிற்று என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடையாக உளவியல் சோதனைகளை வலுப்படுத்த வேண்டும் என்னும் கருத்து முன்வைக்கப்படுகிறது.

இக்கருத்தின் வலிமையையும் எல்லையையும் அறிய வரலாறு துணைபுரியும். காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே ஓரிக்கையைக் கடந்து பாலாற்றின் தென்புறம் சென்றால் உத்திரமேரூரை அடையலாம். அவ்வூர் வைகுந்தப்பெருமாள் கோயில் சுவரில் பொறிக்கப்பட்டுள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் பொதுவாகத் தேர்தல் வரலாற்றின் சான்றுகளாகவே படிக்கப்படுகின்றன. அவற்றை ஆள்தேர்வு வரலாற்றின் சான்றுகளாகவும் படிக்க இடமுண்டு. வாரியப் பெருமக்கள் காவலர் அல்லர். சோழர் காலத்து ஊர்க்காவல் 'பாடிகாவல்' என்னும் தனி ஏற்பாட்டின் கீழ் நடைபெற்றது. எனினும் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தக்கூடியவரை முன்கூட்டியே விலக்குவது எப்படி என்னும் சிக்கல் இருவருக்கும் பொதுவானது. ஒப்பீடு இந்த அளவில் மட்டுமே இங்கு மேற்கொள்ளப்படுகிறது.

1. உபதை: சூழலை அமைத்துச் சோதித்தல்

அமைச்சரின் தூய்மையை அறியக் கௌடில்யர் நான்கு உபதைகளைக் கூறுகிறார். அறம், பொருள், இன்பம், அச்சம் என்பன அவை. பதவி நீக்கப்பட்டவன்போல் நடிக்கும் புரோகிதன், அரசன் அறம் வழுவியவன் என்று கூறி ஒற்றர் வாயிலாக அமைச்சர்களைத் தனித்தனியே தூண்டுவான். அவ்வாறே நீக்கப்பட்டவன்போல் நடிக்கும் படைத்தலைவன் பொருளைக் காட்டித் தூண்டுவான். அரசி விரும்புவதாகத் துறவியொருத்தி கூறுவது இன்பச் சோதனை. சிறைப்பட்ட நிலையில் அரசனுக்கு எதிராகத் தூண்டப்படுவது அச்சச் சோதனை.

ஆள்தேர்வு நோக்கில் இதில் கருதத்தக்க செய்தி, சோதனைக்கும் பணிக்கும் இடையே வகுக்கப்பட்ட தொடர்பாகும். அறச்சோதனையில் தேறியவரை நீதிமன்றங்களிலும் குற்றவாளிகளை ஒடுக்கும் 'கண்டகசோதன'த்திலும் அமர்த்த வேண்டும். பொருட்சோதனையில் தேறியவரை வரி தண்டுதலிலும் பண்டகசாலையிலும் அமர்த்த வேண்டும் என்கிறார் கௌடில்யர். எல்லாச் சோதனைகளிலும் தேறியவரே அமைச்சராவர். இன்றைய சொல்லில் கூறினால், காவல் பணிக்கு வேண்டிய பண்பு எது என்பதை முதலில் வரையறுத்து, அப்பண்பை அளக்கும் சோதனையைப் பின்னர் அமைக்கும் முறை இது. அரசனும் அரசியும் சோதனையின் இலக்காகக் கூடாது என்றும், தூய உள்ளத்தைச் சோதனையே கெடுத்துவிடக்கூடும் என்றும் அவர் எச்சரிக்கிறார். சோதனையால் சோதிக்கப்படுபவருக்கு நேரும் தீங்கைக் கருதிய பழைய குறிப்புகளுள் இது ஒன்று.

திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' அதிகாரம் இந்நான்கையே அடிப்படையாகக் கொண்டு தொடங்குகிறது. காஞ்சிபுரத்தைச் சார்ந்தவர் என்று மரபு கூறும் பரிமேலழகர் தம் உரையில் நான்கு சோதனைகளையும் விளக்குகிறார். ஆயினும் வள்ளுவர் அங்கேயே நின்றுவிடவில்லை. ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே உரைகல் என்று அதே அதிகாரம் கூறுகிறது. அடுத்துவரும் 'தெரிந்து வினையாடல்' அதிகாரமோ, எல்லா வகையாலும் ஆராய்ந்து தெளிந்தபின்னும் பணியில் அமர்ந்ததும் வேறுபடுவோர் பலர் என்று குறிப்பிடுகிறது. தேர்வுநேர நடத்தைக்கும் பணிநேர நடத்தைக்கும் இடையே விழும் இடைவெளியை இக்கருத்து நேரடியாகச் சுட்டுகிறது. இருபதாம் நூற்றாண்டு உளவியல் எண்களால் கண்டறிந்த இடைவெளியும் இதுவே.

2. உத்திரமேரூர்: வாழ்க்கைக் குறிப்பைக் கொண்டு விலக்குதல்

உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்துச் சபையின் இரண்டு தீர்மானங்கள் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சார்ந்தவை. அவை முறையே கி.பி. 919, 921 ஆகும். வெங்கையா இவற்றை இந்தியத் தொல்லியல் துறையின் 1904–05ஆம் ஆண்டறிக்கையில் வெளியிட்டார். பின்னர் நீலகண்ட சாஸ்திரி இவற்றை விரிவாக ஆராய்ந்தார்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடவோலைக்குப் பெயர் எழுதப்பட வேண்டுவோர்க்குரிய தகுதிகளை இரண்டாம் கல்வெட்டு வரையறுக்கிறது. கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35க்கு மேல் 70க்குட்பட்ட வயது, வேதக்கல்வி, காரியத் திறன், ஒழுக்கம், பொருளிலும் உள்ளத்திலும் தூய்மை ஆகியன அவை. நிலம் அரைக்கால் வேலியே ஆயினும் ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லவராயின் அவருக்கும் இடமுண்டு. கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவருக்கு இடமில்லை.

தகுதிகளைக் காட்டிலும் விலக்குகளே விரிவானவை. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் முதலில் விலக்கப்படுகிறார். அவருடன் தந்தை, மகன், மாமனார், மருமகன், மைத்துனர், சிற்றன்னை பேரன்னை மக்கள் முதலான உறவினரும் விலக்கப்படுகின்றனர். பெரும்பாதகம் செய்தவர், பிறர் பொருளைக் கவர்ந்தவர், துணிந்து தீமை செய்பவர், ஊருக்கு முள்ளாக விளங்கும் கிராமகண்டகர், பொய்யாவணம் புனைந்தவர் ஆகியோரும் பட்டியலில் உள்ளனர். விலக்கின் காலமும் ஒரே தன்மையதன்று. சிலர் கழுவாய் செய்யும்வரை விலக்கப்பட்டனர். சிலர் கழுவாய் செய்து தூய்மை பெற்றபின்னும் வாழ்நாள் முழுதும் விலக்கப்பட்டனர்.

இவ்விதிகளில் ஆள்தேர்வுக் கோட்பாட்டிற்குரிய நான்கு கூறுகளைக் காணலாம்.

முதலாவது, 'உள்ளத் தூய்மை' என்னும் பண்பு கூறப்பட்டிருப்பினும், விலக்குகளுள் பெரும்பாலானவை ஊரார் அறிந்த செயல்களையே அளவுகோலாகக் கொள்கின்றன. கணக்குக் காட்டாமை, களவு, பொய்யாவணம் ஆகியன விண்ணப்பதாரரின் தன்விளக்கத்தைச் சாராதவை. ஒருவர் தம்மைப் பற்றி என்ன கூறுகிறார் என்பதைவிட, முன்பு என்ன செய்தார் என்பதே கருதப்பட்டது.

இரண்டாவது, தகுதியுடையோருள் சிறந்தவரைச் சபை தரவரிசைப்படுத்தவில்லை. தகாதவரை விலக்கியபின் எஞ்சியோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டது. கோயில் நம்பிமாருள் முதியவர் குடத்தை அனைவரும் காண உயர்த்திப் பிடிப்பார். உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒரு குடும்பின் கட்டை எடுப்பான். அதிலுள்ள ஓலைகள் வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கப்படும். அவற்றினின்றும் ஓர் ஓலையை அவன் எடுத்துத் தருவான். மத்தியஸ்தன் அதனை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்று வாசிப்பான். நம்பிமார் அனைவரும் அதனை மீண்டும் வாசிப்பர். தகுதியின் குறைந்த அளவைத் தீர்மானிக்க முடியும். அதற்கு மேற்பட்ட நுண்ணிய வேறுபாடுகளை நடுநிலையோடு அளக்க இயலாது என்னும் முடிவு இம்முறையில் உள்ளடங்கியிருப்பதாகக் கொள்ளலாம்.

மூன்றாவது, பதவிக்காலம் 360 நாட்கள். குற்றம் காணப்பட்டவரை அப்போதே நீக்கவும் விதி இருந்தது. கணக்குக் காட்டாதவர் மறுமுறை குடத்திற்கே வர இயலாது. தேர்வில் தவறு நேரும் என்று எதிர்பார்த்தே இவை அமைந்துள்ளன. தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்பு பணியாற்றியவர், கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தவர் ஆகியோரே ஆண்டு வாரியத்திற்குக் கொள்ளப்பட்டனர். சிறிய பொறுப்பில் வெளிப்பட்ட நடத்தை பெரிய பொறுப்பிற்குச் சோதனையாயிற்று.

நான்காவது, விதிகள் இரண்டே ஆண்டுகளில் திருத்தப்பட்டன. 919இல் 30 முதல் 60 வரை இருந்த வயது வரம்பு 921இல் 35 முதல் 70 ஆயிற்று. சுருக்கமாக இருந்த விலக்குப் பட்டியலும் விரிவடைந்தது. தீயோர் கெட்டு நல்லோர் வளர்வதே நோக்கம் என்று சபை தெரிவிக்கிறது. தேர்வுமுறையே மறுபரிசீலனைக்கு உட்பட்டது என்பது இதனால் பெறப்படும்.

இம்முறையை அதன் சமூக அடிப்படையிலிருந்து பிரித்துப் போற்றுவது பொருந்தாது. சபை, பிரமதேய ஊரின் நிலவுடைமைப் பிராமண ஆடவர்க்குரியது. பெண்டிரும் நிலமற்றோரும் பிற குடியினரும் குடத்திற்கு வெளியிலேயே இருந்தனர். தகுதி என்னும் பெயரில் பிறப்பும் உடைமையும் சலிக்கப்பட்டன. உறவினரின் குற்றத்திற்காக ஒருவரை விலக்குவதும் இன்றைய நீதிநெறிக்கு ஒவ்வாது. எந்தச் சோதனையும் அதனை வகுத்தோரின் சமூகப் பார்வையைச் சுமந்தே வரும் என்பதற்கும் உத்திரமேரூர் சான்றாகிறது.

3. சென்னை மாகாணம்: ஆளா, அமைப்பா?

குடியேற்ற ஆட்சியில் இவ்வினா வேறு வடிவில் எழுந்தது. வரி தண்டுதலில் சித்திரவதை நடைபெறுவதாக எழுந்த புகார்களை விசாரிக்க அமைக்கப்பட்ட ஆணையம் 1855இல் அறிக்கை அளித்தது. வருவாய் அதிகாரமும் காவல் அதிகாரமும் ஒரே கைகளில் குவிந்திருந்தமை இக்கொடுமைக்குத் துணைநின்றதை அது வெளிப்படுத்தியது. இதன் தொடர்ச்சியாக 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சென்னை மாகாணத்தில் தனிக் காவல்துறையை ஏற்படுத்தியது. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவரானார்.

1855ஆம் ஆண்டு அறிக்கை கொடுமையின் காரணத்தைத் தனிமனிதர்களின் இயல்பில் மட்டும் தேடாமல் அதிகார அமைப்பிலும் தேடியது. ஆனால் சட்டத்திற்குப் பின்வந்த நடைமுறை உடல் அளவையும் நன்னடத்தைச் சான்றையுமே பெரிதும் சார்ந்தது. ஆண்ட்ரூ பிரேசர் தலைமையிலான 1902–03ஆம் ஆண்டுக் காவல் ஆணையம் இந்தியக் காவல்துறையில் ஊழலும் ஒடுக்குமுறையும் மிகுந்திருப்பதைக் கண்டித்தது. உதவி ஆய்வாளர்களை நேரடியாகத் தேர்ந்தெடுக்கப் பரிந்துரைத்தது. நல்ல குடும்பமும் கல்வியும் உடையவரைச் சேர்த்தால் துறை திருந்தும் என்னும் நம்பிக்கை இதில் வெளிப்படுகிறது. அமைப்பைப் பற்றிய கேள்வி மீண்டும் ஆளைப் பற்றிய கேள்வியாகச் சுருங்கியது.

4. இருபதாம் நூற்றாண்டு: எண்ணால் அளத்தல்

காவலர் தேர்வில் உளவியல் சோதனையைப் பயன்படுத்திய தொடக்க முயற்சிகளுள் ஒன்று 1917இல் அமெரிக்காவின் சான் ஓசே நகரில் நிகழ்ந்தது. லூயிஸ் டெர்மன், காவல் பணிக்கும் தீயணைப்புப் பணிக்கும் விண்ணப்பித்த 30 பேரிடம் நுண்ணறிவுச் சோதனையின் சுருக்க வடிவத்தை நடத்தினார். சராசரி நுண்ணறிவு ஈவு 84 அளவில் இருந்தது. 80க்குக் குறைந்தவரைச் சேர்க்கலாகாது என்று அவர் கருதினார். ஆனால் அம்மதிப்பெண்ணுக்கும் பிற்காலப் பணித்திறனுக்கும் உள்ள தொடர்பு அப்போது நிறுவப்பட்டிருக்கவில்லை. 1922இல் தர்ஸ்டன் டெட்ராய்ட் நகரக் காவலரிடம் நடத்திய சோதனையில் உயர்பதவியில் இருந்தோர் சாதாரணக் காவலரைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றனர். சோதனை அளந்ததும் துறை மதித்ததும் வேறுவேறாக இருந்தன.

1943இல் வெளிவந்த மின்னசோட்டா பன்முக ஆளுமைப் பட்டியல் மனநோயைக் கண்டறிவதற்காக உருவாக்கப்பட்டது. பின்னர் அது காவலர் தேர்வில் பரவலாகப் பயன்பட்டது. மனநோயின்மையை உறுதிசெய்வதும் நல்ல காவலரை அடையாளம் காண்பதும் இருவேறு பணிகள். முன்னது விலக்குதல், பின்னது தெரிந்தெடுத்தல். விலக்குவதற்கான கருவியைத் தெரிந்தெடுக்கப் பயன்படுத்தும்போது அதன் முன்கணிப்பு ஆற்றல் குறைவது இயல்பு.

1991இல் பாரிக், மவுண்ட் ஆகியோர் வெளியிட்ட தொகுப்பாய்வு காவலர் உள்ளிட்ட ஐந்து பணிப்பிரிவுகளை ஆராய்ந்தது. ஐம்பெரும் ஆளுமைக் கூறுகளுள் கடமைப் பொறுப்பு என்னும் கூறு எல்லாப் பிரிவுகளிலும் பணித்திறனோடு தொடர்புடையதாக இருந்தது. ஆயினும் அதன் ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.2 அளவினதே. இதனை இருமடியாக்கினால் 0.04, அதாவது பணித்திறனில் காணப்படும் வேறுபாட்டில் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கையே அக்கூறு விளக்குகிறது. ஆயிரக்கணக்கானோரைத் தேர்ந்தெடுக்கும் துறைக்கு இது பயனற்றதன்று. ஆனால் தனியொருவரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க இது போதாது. மேலும் பணித்திறன் என்பது பெரும்பாலும் மேலதிகாரியின் மதிப்பீட்டாலேயே அளக்கப்படுகிறது. அடித்து வாக்குமூலம் பெறுபவரைத் திறமையானவர் என மதிக்கும் மேலதிகாரியின் கீழ், சோதனை முன்கணிப்பது அத்திறமையையே ஆகும்.

அரிதாக நிகழும் நடத்தையை முன்கணிப்பதில் மற்றொரு சிக்கல் உண்டு. எடுத்துக்காட்டாக, 1,000 விண்ணப்பதாரருள் 50 பேர் பின்னாளில் வன்முறையில் ஈடுபடுவர் எனக் கொள்வோம். சோதனை அவர்களுள் 80 விழுக்காட்டினரைச் சரியாகச் சுட்டும், ஏனையோருள் 20 விழுக்காட்டினரைத் தவறாகச் சுட்டும் எனவும் கொள்வோம். அப்போது சுட்டப்படுவோர் 40உம் 190உம் கூடி 230 பேர். அவர்களுள் 190 பேர் குற்றமற்றோர். மறுபுறம் 10 பேர் சோதனையைக் கடந்து பணியில் சேர்வர். இவ்விரு தவறுகளுக்கும் யார் விலை கொடுப்பது என்பது உளவியல் மட்டும் விடைகூறக்கூடிய வினா அன்று.

லாஸ் ஏஞ்சலீசு நகரக் காவல்துறையை ஆராய்ந்த 1991ஆம் ஆண்டுக் கிறிஸ்டோபர் ஆணையத்தின் கருத்து இங்குப் பொருந்துவது. தொடக்கநிலை உளவியல் மதிப்பீடு வன்முறை இயல்பை நன்கு முன்கணிக்கவில்லை என்றும், விண்ணப்பதாரரின் கடந்தகால நடத்தையில் கூடுதல் கவனம் தேவை என்றும், பணியில் உள்ளோரைக் காலமுறையில் மீண்டும் மதிப்பிட வேண்டும் என்றும் அது கூறியது.

5. தமிழ்நாட்டின் இன்றைய நிலை

இந்தியப் படைத்துறையில் 1943 முதல் உருவான தேர்வு வாரிய முறை, சொல் தொடர்புச் சோதனை, படம் கண்டு கதை புனையும் சோதனை, குழுப்பணி, நேர்காணல் ஆகியவற்றை இணைத்துப் பல நாட்கள் நடைபெறுகிறது. தமிழ்நாட்டில் 1991இல் அமைக்கப்பட்ட சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் வேறு வழியைப் பின்பற்றுகிறது. இரண்டாம்நிலைக் காவலர் எழுத்துத் தேர்வில் பொது அறிவுக்கு 50, உளவியலுக்கு 30 என 80 மதிப்பெண்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. பின்னர் இது 45, 25 என 70 ஆயிற்று. 'உளவியல்' என்னும் தலைப்பின்கீழ் ஏரணப் பகுப்பாய்வு, எண் பகுப்பாய்வு, கருத்துப் பரிமாற்றத் திறன், தகவல் கையாளும் திறன், மனத்திறன் ஆகியன இடம்பெறுகின்றன. இவற்றுட் பெரும்பகுதி அறிவுத்திறனை அளப்பவை. சினத்தை அடக்கும் ஆற்றல், அதிகாரத்தைக் கையாளும் பக்குவம் ஆகியவற்றைச் சரியான விடை ஒன்றே உடைய வினாக்களால் அளத்தல் அரிது. டெர்மன் 1917இல் அளந்ததற்கு அருகிலேயே இத்தேர்வும் நிற்கிறது. பெயரளவில் உளவியல் இருப்பதால் ஆளுமை ஆராயப்பட்டுவிட்டது என்னும் தோற்றம் ஏற்படுவது இதன் இடர்ப்பாடாகும்.

அயல்மொழியில் உருவான ஆளுமைப் பட்டியலைத் தமிழாக்கிச் சேர்ப்பதும் தீர்வாகாது. மின்னசோட்டாவில் வகுத்த அளவுநெறியால் ஓரிக்கையிலிருந்து வரும் இளைஞரின் விடைகளை மதிப்பிட முடியாது. தமிழ்ச் சூழலில் தரப்படுத்தி, நம்பகத்தையும் ஏற்புடைமையையும் நிறுவிய பின்னரே அத்தகைய கருவி பயன்படும். பயிற்சி மையங்கள் விடைகளைக் கற்பிக்கத் தொடங்கினால் தன்விளக்கப் பட்டியலின் மதிப்பு மேலும் குறையும்.

உத்திரமேரூரின் விலக்குமுறையோடு நேரடியாக ஒப்பிடத்தக்கது, இன்றைய முன்நடத்தைச் சரிபார்ப்பு ஆகும். குற்றவழக்குத் தொடர்பை மறைத்தல் பற்றி உச்ச நீதிமன்றம் 2016இல் அவதார் சிங் வழக்கில் அளித்த தீர்ப்பு, வழக்கின் தன்மையையும் இளமைக்காலச் சிறுபிழைகளையும் கருத வேண்டும் என்கிறது. எல்லாக் குற்றத்தையும் ஒன்றாகக் கருதாமல் தரம்பிரித்து விலக்கிய சபையின் நெறியை இது நினைவூட்டுகிறது. எனினும் வழக்கு பதிவாகாத செயல் இச்சரிபார்ப்பில் தென்படாது. அதைப் போலவே, பொய்வழக்கில் சிக்கியவர் விலக்கப்படும் வாய்ப்பும் உண்டு.

கண்காணிப்பு நோக்கில், கைது நடைமுறை பற்றிய டி.கே. பாசு தீர்ப்பு (1996), புகார் ஆணையங்களை வலியுறுத்திய பிரகாஷ் சிங் தீர்ப்பு (2006), தமிழ்நாடு காவல் சீர்திருத்தச் சட்டம் (2013), காவல் நிலையங்களில் கண்காணிப்புப் படக்கருவி பொருத்தப் பணித்த 2020 டிசம்பர் தீர்ப்பு ஆகியன வந்துள்ளன. இவை தேர்வுக்குப் பிந்தைய 'கணக்குக் காட்டல்' என்னும் பகுதியைச் சார்ந்தவை. 2020 ஜூன் நிகழ்வுகள் 1996, 2006 தீர்ப்புகளுக்குப் பின்னரும் நிகழ்ந்தன என்பதால், விதி இருப்பதும் விதி நடைமுறையாவதும் வேறு என்பது புலனாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

• நடத்தையை முன்கணிக்கும் முயற்சி சூழற்சோதனை, வாழ்க்கைக் குறிப்பு, உடலளவு, எண்ணளவு எனக் காலந்தோறும் வடிவம் மாறியுள்ளது. இவற்றுள் கடந்தகாலச் செயலைக் கருதும் முறை பழமையானது. கிறிஸ்டோபர் ஆணையமும் அதனையே வலியுறுத்தியது.

• ஆளுமைச் சோதனை தகாதவரை விலக்கும் துணைக்கருவியாகப் பயன்படலாம். தகுதியுடையோரைத் தரவரிசைப்படுத்தும் ஆற்றலை அதன் ஒட்டுறவு அளவுகள் உறுதிசெய்யவில்லை.

• தமிழ்நாட்டுத் தேர்வில் உள்ள உளவியல் பகுதி பெரும்பாலும் மனத்திறனையே அளக்கிறது. ஆளுமையை அளப்பது நோக்கமாயின், காவல் பணிக்கு வேண்டிய பண்புகளை முதலில் வரையறுத்து, தமிழில் தரப்படுத்திய கருவிகளை உருவாக்கி, தேர்வு பெற்றோரின் பிற்கால நடத்தையோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

• தேர்வு தவறக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டே உத்திரமேரூர்ச் சபை குறுகிய பதவிக்காலம், உடனடி நீக்கம், கணக்குக் கேட்டல், விதித் திருத்தம் ஆகியவற்றை வகுத்தது. அதன் சமூக எல்லைகள் ஏற்கத்தக்கன அல்ல; எனினும் தேர்வையும் கண்காணிப்பையும் ஒரே விதித்தொகுப்பில் இணைத்த பார்வை கருதத்தக்கது.

பணியில் அமர்ந்தபின் வேறுபடுவோர் பலர் என்னும் வள்ளுவரின் கருத்தை ஏற்பின், காவல் நிலையத்தில் நேரும் மரணத்திற்குத் தேர்வு வாரியத்தை மட்டும் பொறுப்பாக்க முடியாது. யாரைச் சேர்ப்பது என்னும் கேள்விக்கு அளிக்கப்படும் கவனம், சேர்ந்தவர் ஒவ்வோர் ஆண்டும் யாரிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் கேள்விக்கும் அளிக்கப்பட வேண்டும்.